ஒன்பது மணிக்கு மேல் முட்டை கிடையாது

நோரீன் ஹெஸ்கெத்துக்கு யாரையும் திட்டப் பிடிக்காது. மோர்கம் என்ற கடற்கரை ஊரில் இது தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி. ஒருவர் அவள் புருஷன் ராய், அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இன்னொன்று பூனை. வெளியூரில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும், போல்டனில் இருக்கும் ஒரு பெரியவர். அவர் கதை பின்னால் வரும்.

மிச்ச இங்கிலாந்து முழுக்க அவளை ராட்சசி என்றே நம்பியது. நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரயிலேறி, அறை போட்டு, திட்டு வாங்கிப் போவதற்காகவே வந்தது.

காலையில் அவள் நடத்தும் சன்னிபேங்க் விடுதியின் சாப்பாட்டு அறையை ஒருநாள் பார்த்தால் போதும். எட்டரைக்கு ஒரு ஈ காக்கை இருக்காது. எட்டே முக்காலுக்கும் இருக்காது. ஆனால் மாடிப்படியில் கசமுசா என்று சத்தம் கேட்கும். கெஸ்டுகள் அத்தனை பேரும் குளித்து, தலைசீவி, படியில் வரிசையாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும், திருட்டுப் பூனைபோல் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நோரீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"மணி என்ன?"

"ஒன்பது அஞ்சுங்க, மிஸஸ் ஹெஸ்கெத்."

"சுவத்துல தொங்குதே, அது என்னன்னு நினைச்சீங்க? ஓவியமா? ஒன்பது மணிக்கு மேல முட்டை கிடையாது. அரண்மனையிலேருந்து வந்தாலும் வெறும் டோஸ்ட்தான்."

அவ்வளவுதான். வீகன் என்ற ஊரிலிருந்து வந்த தடியர் முதல் ஸ்காட்லாந்துக் கிழவிகள் வரை அத்தனை பேரும் கைதட்டுவார்கள். ஒருத்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு உட்கார்ந்து முட்டை, பேக்கன், சாஸேஜ், பீன்ஸ், பொரித்த ரொட்டி என்று ஒரு பிடி பிடிப்பார்கள். முட்டை எல்லோருக்கும் உண்டு. சமையலறையில் மருமகன் கீத் எட்டு மணிக்கே பொரிக்க ஆரம்பித்துவிடுவான்.

இது எப்படி வந்தது என்றால், எல்லாம் டெலிவிஷனால் வந்த வினை.

சில வருஷங்களுக்கு முன்னால் டெலிவிஷன்காரர்களுக்கு ஒரு மோகம் பிடித்தது. நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு சம்பளம், நடிக்கிறவனுக்கு ஒரு சம்பளம் என்று ஏன் அழவேண்டும், கேமராவைத் தூக்கிக்கொண்டு சாதாரண ஜனங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அவர்களே இலவசமாகக் கூத்தடிப்பார்கள் என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. விமான நிலையத்தில் பெட்டி தொலைத்தவர்கள், கப்பலில் பாடுகிறவள், நாய்க்கு ஊசி போடுகிறவர் எல்லோரும் ராத்திரிக்கு ராத்திரி பிரபலமானார்கள். அந்த அலையில்தான் கடற்கரை விடுதிகளைப் பற்றி ஆறு வாரத் தொடர் ஒன்று எடுக்க ஜெரமி என்ற பையன் மோர்கமுக்கு வந்தான். நோரீன் டீ போட்டுக் கொடுத்தாள். "எங்களை மறந்துடுங்க, நாங்க இல்லாத மாதிரி நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்றான். அவளும் மறந்துவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

அந்த வாரம் போல்டனிலிருந்து நார்மன் கிரிம்ஷாவும் மனைவி எல்சியும் வந்திருந்தார்கள். வருஷா வருஷம் வருகிறவர்கள். நார்மன் பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானாலும் டிரைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனுஷர். அவர் அன்றைக்குத் தனியாக, ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் கழித்து, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நோரீனுக்கு அன்றைக்கு அடுப்பு வேறு மக்கர் பண்ணியது. மேலே சொன்ன அதே வசனத்தை, ஓவியம் முதல் டோஸ்ட் வரை, ஒரே மூச்சில் அவர் தலையில் கொட்டினாள். நார்மன் வாயைத் திறந்தார், மூடினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். அவள் சமையலறைக்குப் போனதும் நார்மன் வாசலில் வந்து நின்று, "எல்சிக்கு வலது கை வரலைங்க. நானே உடுப்பு மாட்டி விட்டேன், அதான். ஒரு தட்டு மேல கொண்டுபோகலாமா?" என்றார். நோரீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு முட்டை பொரித்து, தானே தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். எல்சிக்கு ஊட்டிவிட்டாள். வாயைத் துடைத்துவிட்டாள். மிச்ச ஐந்து நாளும் மூன்று வேளையும் அப்படித்தான். அந்தக் குளிர்காலத்தில் எல்சி தவறிப்போனாள்.

மாடிக்குக் கேமரா போகவில்லை. ஜெரமி கெட்டவன் இல்லை, நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் போவது மரியாதை இல்லை என்று கீழேயே நின்றுவிட்டான். நார்மனிடம் கேட்டான், அவரும் "அது வேண்டாம் தம்பி, யாருக்கும் சிரமம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் உதாரணம்.

தொடர் வெளிவரும் முன் ஜெரமி கேசட்டை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், லண்டனிலிருந்து வந்து போட்டுக் காட்டினான். திட்டு இருந்தது. மாடி இல்லை.

"உங்களுக்கு ஏதாவது உறுத்துதா, மிஸஸ் ஹெஸ்கெத்? சொல்லுங்க, மாத்திடலாம்."

"சேச்சே, ரொம்ப நல்லாருக்கு கண்ணு. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கோ."

இந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. ஓட்டலில் செருப்புத் தோல் மாதிரி கறியை வைத்துவிட்டு "எல்லாம் எப்படி?" என்று கேட்டால், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, வீடு வருகிறவரை பெண்டாட்டியிடம் புலம்புவார்கள். பஸ்ஸில் காலை மிதித்தவன் பேசாமல் இருப்பான், மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். முடி வெட்டுகிறவன் ஒரு காதைச் சேர்த்து வெட்டினாலும் கண்ணாடியில் பார்த்து "அருமை" என்பார்கள். குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மழையில் வந்தவனிடம் "இதை மாத்து" என்று சொல்ல நோரீனுக்கு வாய் வரவில்லை. கேக்கை வெட்டினாள்.

தொடர் வந்தது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.

முதலில் மகள் ஜானிசுக்குத்தான் விஷயம் விளங்கியது. அவளும் கீத்தும் பிரஸ்டனில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து சேர்ந்தார்கள். கீத் சமையல், ஜானிஸ் புக்கிங். பாத்திரம் துடைக்கிற துண்டில் நோரீன் முகத்தை அச்சடித்து விற்றார்கள், அந்த வசனத்தோடு. குளிர்காலத்தில்கூட அறை நிரம்பியது. எதிர் வரிசை விடுதிக்காரர்கள் மிச்சம் மீதியை வாங்கிப் பிழைத்தார்கள்.

நோரீன் ஆரம்பத்தில் அன்பாகத்தான் இருந்து பார்த்தாள். ஸ்டோக்கிலிருந்து ஒரு தம்பதி. மூட்டையை வாங்கி, மழைக்கோட்டை உலர்த்தி, காலுக்குச் சுடுநீர்ப் பை கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர்கள் ஜானிசிடம் வந்து நின்றார்கள்.

"நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டோமாங்க? உங்கம்மா எங்ககிட்ட ரொம்ப மரியாதையா இருக்காங்க."

ஜானிஸ் சமையலறைக்கு ஓடி வந்தாள். "அம்மா, ஆறாம் நம்பர் ரூம்காரங்க முகமே சரியில்ல. போய் நாலு வார்த்தை திட்டிட்டு வா."

"எதுக்குடி? அந்த மனுஷன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வெச்சாரு."

"அதையே சொல்லித் திட்டு. உன் சமையலறையில கை வெச்சதுக்கு."

போய்த் திட்டினாள். அந்த மனுஷர் முகத்தில் பல்பு எரிந்தது.

அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் உட்கார்ந்து திட்டுகளை யோசிப்பதே அவள் தொழிலாயிற்று. இரண்டாம் தடவை வந்தவர்களிடம் பழைய திட்டைச் சொன்னால் சோர்ந்துபோவார்கள். மாமனார் முன்னால் மருமகனைத் திட்டினால் அவர்களுக்குள் ஒற்றுமை வரும். கல்யாண நாள் கொண்டாட வந்தவர்களை இரண்டு பேரையும் சரிசமமாகத் திட்ட வேண்டும். இதெல்லாம் நுணுக்கம். தொண்டை கட்டிப்போய், சாயங்காலத்தில் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள்.

சாயங்காலத்தில் கெஸ்டுகள் லவுஞ்சில் டெலிவிஷன் முன்னால் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தொப்பி வைத்த பெண்கள் குதிரை வண்டியிலிருந்து இறங்கி, சீமான் யாரையாவது மூன்று மணி நேரம் முறைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளும் நாடகம். இல்லையென்றால் துப்பறியும் கதை, அழகான கிராமம், தேவாலயம், ரோஜாத் தோட்டம், தோட்டத்தில் பாதிரியார் செத்துக் கிடப்பார். பெண்களுக்கு அது பிடிக்கும். ஆண்களுக்குச் சிரிப்புத் தொடர். கணவனுக்கு வேலை போய், கடன்காரன் கதவைத் தட்டி, அலமாரிக்குள் ஒளிந்து, அலமாரியே சாய்ந்து விழுகிற தொடராக இருந்தால் இன்னும் நல்லது. கையாலாகாதவன் கதை என்றால் இந்தத் தேசம் ஜோலியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடும்.

நோரீனுக்கு இதெதுவும் வேண்டாம். அவளுக்குப் பிடித்தது மிருகங்கள் வரும் படம். பனிக்கட்டியில் கடல்யானை மல்லாந்து கிடக்கும், அதைப் பற்றி ஒருவர் குசுகுசுவென்று மரியாதையாகப் பேசுவார். நோரீன் கதவோரம் நின்று பார்ப்பாள். "குடுத்துவெச்ச பிறவி" என்று ஒருநாள் ஜானிசிடம் சொன்னாள். "ஒருதடவை கொட்டாவி விட்டுச்சு, படம் புடிச்சாங்க, போயிட்டாங்க. மறுநாள் கூட்டமா வந்து இன்னொரு தடவை விடுன்னு யாரும் கேக்கலை பாரு."

விடுதிக்குள்ளேதான் இப்படி என்றால் தாங்கிக்கொண்டிருப்பாள். வெளியிலும் விடவில்லை. கடையில் வரிசையில் நிற்கும் கர்ப்பிணிக்கு இடம் விட்டால், அந்தப் பெண் கேமரா எங்கே என்று சுற்றுமுற்றும் பார்க்கிறாள். கோயில் வாசலில் பாதிரியாரே, "நான் லேட்டா மிஸஸ் ஹெஸ்கெத்? முட்டை உண்டா?" என்கிறார். பக்கத்து வீட்டு பெரில் செத்துப்போனாள், முப்பது வருஷப் பழக்கம். அடக்கத்தின்போது நோரீன் தேம்பித் தேம்பி அழுதாள். பின்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கொஞ்சம் பொறு, இப்ப பெரிலைத் திட்டுவா பாரு" என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மாவு மூட்டை வைக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜானிஸ் தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம்டி," என்றது உள்ளிருந்து குரல். "நான் அழுதா அது அழுகைன்னு நம்பணும். நல்ல வார்த்தை சொன்னா அது நல்ல வார்த்தைன்னு நம்பணும். சாகுறதுக்குள்ள அது போதும்."

இப்படி இருக்கும்போதுதான் அதே சானலிலிருந்து போன் வந்தது. அந்தத் தொடர்களில் வந்தவர்களெல்லாம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று காட்டப்போகிறார்களாம். இந்தத் தடவை டாம்சின் என்று ஒரு பெண் இயக்குநர். நோரீன் கேக் எதுவும் வெட்டவில்லை. போனிலேயே சொன்னாள்: "வாங்க. ஆனா அன்னிக்கு மாடியில என்ன நடந்துச்சுன்னு சொல்லுவேன். அதைப் போடணும். வெட்டக் கூடாது." வாழ்க்கையில் அவள் ஒரு ஆளிடம் நிபந்தனை வைத்தது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகு படியில் உட்கார்ந்தாள்.

ஜானிசும் கீத்தும் விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார்கள்.

"நீ நல்லவன்னு தெரிஞ்சா யாரும்மா வருவாங்க?" என்றாள் மகள். "இந்தக் கடற்கரையில நல்லவங்க நடத்துற விடுதி எத்தனை இருக்கு. எல்லாம் காலி."

"நாங்க ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வந்திருக்கோம், நோரீன்," என்றான் கீத். "உங்க நல்ல குணத்தை நாங்க ரகசியமா வெச்சிக்கிறோமே, அது போதாதா?"

"நீ பொரிக்கிறது முட்டை. இங்க பொரியறது என் உசுரு," என்றாள் நோரீன். கீத் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

ஆனால் சொல்ல வேண்டியது நார்மன் வீட்டுத் துக்கம். அவர் சம்மதம் இல்லாமல் எப்படி? எல்சி போனதற்கு அனுதாப அட்டை அனுப்பியதோடு சரி, அப்புறம் பேச்சில்லை. ஒரு மத்தியானம் போன் போட்டாள்.

"மிஸ்டர் கிரிம்ஷா, நான் மோர்கம்லேருந்து மிஸஸ் ஹெஸ்கெத்."

"குரலைக் கேட்டதும் எழுந்து நின்னுட்டேன்," என்றார் நார்மன். "கடிகாரத்தைக்கூடப் பாத்துட்டேன்."

பார்த்தால் அவர் பட்டதும் நாய் படாத பாடுதான். போல்டன் பஸ் நிறுத்தத்தில் நின்றால் டிரைவர்கள், "லேட்டாயிடுச்சு பெரியவரே, முட்டை கிடையாது" என்று கத்திக்கொண்டு போவார்களாம். வாழ்நாளெல்லாம் ஊருக்கே நேரம் பார்த்துச் சொன்ன மனுஷருக்குத் தேசம் கொடுத்த பட்டம், தூங்குமூஞ்சி.

"எல்சியைப் பத்திச் சொல்லலாமான்னு கேக்கத்தான்..." என்று இழுத்தாள் நோரீன்.

"சொல்லலாங்க," என்றார். "அவ லேட்டாக்கலை, கைதான் வரலைன்னு சொல்லணும். நானே வரேன்."

படப்பிடிப்பு அன்றைக்கு நார்மன் எட்டு மணிக்கே கோட்டும் டையுமாக வாசலில் நின்றார். டாம்சின் சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேஜையில் இருவரையும் உட்கார வைத்தாள். கெஸ்டுகள் மற்ற மேஜைகளில் இருக்கலாம், சத்தம் போடக்கூடாது. நோரீன் இரண்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

நார்மன் முட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எல்சிக்கு நீலச் சட்டைதான் வேண்டும் என்று அடம், அதில் பொத்தான்கள் சின்னது, தன் விரல்கள் பெரிசு, அதனால்தான் நேரமாகிவிட்டது என்றார். கீழே வந்து திட்டு வாங்கியதும் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று டாம்சின் கேட்டாள்.

"அவங்க பேசிட்டிருந்தாங்க. நடுவுல பேசுறது மரியாதை இல்லையே."

நோரீன் மாடியில் நடந்ததைச் சொன்னாள். எல்சி சாப்பிட்டு முடித்ததும் இடது கையால் நோரீனின் கன்னத்தைத் தொட்டிருக்கிறாள், அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு என்னை மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் கிரிம்ஷா."

"அட, பரவாயில்லைங்க, மிஸஸ் ஹெஸ்கெத்."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் பரவாயில்லைன்னு சொல்லித்தான் நாம இங்க வந்து நிக்கிறோம்."

"சரி," என்றார் நார்மன். யோசித்தார். "வலிச்சுதுங்க. இப்ப வலிக்கலை."

கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார். சமையலறை வாசலில் ஜானிஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். டாம்சின் அப்படியே முழுசாகப் போடுவதாக வாக்குக் கொடுத்தாள். "உங்களுக்குத் திருப்தியா?" என்றாள். "ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்றாள் நோரீன், வார்த்தைக்கு வார்த்தை மெய்யாக. அன்றைக்கு நார்மனோடு கடற்கரையில் நடந்தாள். ஓரத்துக் கடையில் இறாலும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர் மீசையில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருப்பது தெரியாமல் பேசினார். சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டாள். அவ்வளவு நிம்மதி.

நிகழ்ச்சி வந்த சாயங்காலம் லவுஞ்சில் எள் போட இடமில்லை. கீத் சாண்ட்விச்சும் ஷெரி ஒயினும் சுற்றுக்கு விட்டான். நோரீன் வழக்கமாக நிற்கும் கதவோரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

டாம்சின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை வெட்டவில்லை. நீலச் சட்டை வந்தது, சின்னப் பொத்தான் வந்தது, கன்னத்தைத் தொட்ட கை வந்தது, மன்னிப்பு வந்தது. முடிந்தபோது லவுஞ்சில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நோரீன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தாள்.

முன்வரிசையில் இருந்த வீகன்காரர்தான் முதலில் குலுங்கினார். அழுகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் தொடையைத் தட்டினார்.

"என்னையே ஏமாத்திட்டாங்கப்பா. ஒரு நிமிஷம் நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு."

அவ்வளவுதான், அணை உடைந்தது. மொத்த லவுஞ்சும் சிரித்துக் கைதட்டியது.

"'வலிச்சுதுங்க, இப்ப வலிக்கலை.' அந்தப் பெரியவர் முகத்தை எப்படி வெச்சிருக்காரு பாத்தியா? மரக்கட்டை மாதிரி. இவர்தான்டா நடிகர்."

"இந்தம்மா மன்னிப்புக் கேக்குற இடம்தான் உச்சம். ராட்சசி மன்னிப்புக் கேட்டா எப்படி இருக்கும்னு எவன் யோசிச்சானோ."

"யாருங்க எழுதினது, மிஸஸ் ஹெஸ்கெத்?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள்.

நோரீன் எழுந்து நின்றாள். "யாரும் எழுதலை. அந்த மனுஷனோட பொண்டாட்டி செத்துப்போனா."

இத்தனை வருஷம் கத்திக் கத்தி அவள் குரலே அப்படி ஆகிவிட்டிருந்தது, எதைச் சொன்னாலும் இடுப்பில் கை வைத்த மாதிரி விழும். வீகன்காரர் ஷெரி புரையேறி இருமினார். அவர் மனைவி அவர் முதுகில் தட்டிக்கொண்டே, "போதுங்க, போதுங்க, இனிமே தாங்காது" என்று நோரீனைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள்.

ஜானிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். "சொல்லிடலாம்மா. நான் சொல்றேன் அவங்ககிட்ட, நிஜம்னு" என்றாள். போய்ச் சொல்லவும் செய்தாள். "மகளும் சேர்ந்துட்டாளா," என்று அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

மறுநாள் காலை எல்லோரும் ஒன்பது ஐந்துக்கு வந்தார்கள். இந்தத் தடவை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு. நோரீன் அந்தப் பொத்தான்களைப் பார்த்தாள். திட்டு வரவில்லை. பேசாமல் முட்டையை வைத்துவிட்டுப் போனாள். பேசாமல் போனது இன்னும் பிரமாதம் என்று பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் நார்மன் போன் பண்ணினார். போன் மாடிப்படியின் கீழே, கூடத்துச் சுவரோரம் இருந்தது.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் கிரிம்ஷா? அங்க நம்பினாங்களா?"

"ரொம்பப் பேர் பாராட்டினாங்க," என்றார் நார்மன் மெதுவாக. "கிளப்புல எல்லாரும் சூழ்ந்துகிட்டாங்க. எனக்கு ஒரு பீர்கூட வாங்கிக் குடுத்தாரு ஒருத்தர். அவருதான் கேட்டாரு, எத்தனை நாள் ஒத்திகை பாத்தீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம்.

"ஒரு வாரம்னு சொன்னேங்க."

"என்ன?"

"பீர் வாங்கிக் குடுத்த மனுஷன். அவ்வளவு சந்தோஷமா நிக்கிறாரு. எல்லார் முன்னாலயும் நீங்க நினைக்கிறது தப்புங்கன்னு எப்படிங்க சொல்றது? சங்கடப்பட்டுடுவாரு."

நோரீனுக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. இத்தனை வருஷத்தில் உருளைக்கிழங்கோடு உட்கார்ந்து யோசித்தது எதுவும் இல்லை இது. தானாக வந்தது.

"உங்களுக்கு எலும்புன்னு ஒண்ணு இருக்கா, இல்லை டையைக் கட்டித்தான் நிக்க வெச்சிருக்கா? அவ உங்க பொண்டாட்டி. அவ சாவை ஒரு கிளாஸ் பீருக்கு வித்துட்டு வந்திருக்கீங்க. பஸ்ஸு ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா தெருவுல நிறுத்திக் கேட்டீங்களே, அந்த வாயி எங்க போச்சு? எல்சி இதைக் கேட்டிருந்தா அந்த இடது கையாலயே ஒண்ணு வெச்சிருப்பா."

மூச்சு வாங்கியது. அப்போதுதான் மேலே பார்த்தாள். மாடிப்படியில் கீழிருந்து மேல்வரை கெஸ்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வந்தார்களோ தெரியாது. படி அதிரக் கைதட்டினார்கள். வீகன்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

"என்னங்க சத்தம் அது?" என்றார் நார்மன்.

"கெஸ்டுங்க."

"ஓ. நீங்க சொன்னது அத்தனையும் நியாயம்தான். எனக்கு நேத்திலேருந்து சாப்பாடு இறங்கலை," என்றார். குரல் தேய்ந்திருந்தது. "போனை வெச்சிடட்டுங்களா?"

"வைக்காதீங்க."

அவள் படிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நெற்றியைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். போனையும் வாயையும் கையால் மூடிக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் பேசினாள். அவர்மேல் கோபமில்லை என்றாள். தானும் அன்றைக்கு ஜெரமியிடம் உள்ளதைச் சொல்லாமல் கேக்தான் வெட்டியதாகச் சொன்னாள். எதையாவது கொஞ்சம் சாப்பிடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி போல்டனுக்கு வருவதாகவும், எல்சி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொன்னாள். அவர் அழுவது கேட்டது. அழட்டும் என்று காத்திருந்தாள்.

படியில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"மெதுவாப் பேசுறா பாத்தியா," என்றாள் சந்தோஷம் தாங்காமல். "நாம கேக்கவே கூடாத திட்டு போலிருக்கு. பாவம் அந்த மனுஷன்."